மூடச் சொன்னால் ஈடும் தர வேண்டும்

கடையை மூடு என்று உத்தரவிடும் அதிகாரம் அரசாங்கத்துக்கு உண்டு. நோய் பரவும் காலத்தில் அந்த அதிகாரம் தேவையும்கூட. ஆனால் மூடிய கடைக்கு வாடகையை யார் கட்டுவது, கடைக்காரர் வீட்டில் உலை எப்படிக் கொதிக்கும் என்ற கேள்விகளுக்கும் அந்த உத்தரவிலேயே பதில் இருக்க வேண்டும். கோவிட்-19 காலத்தில் அப்படி ஒரு பதில் இல்லை. உத்தரவு முதலில் வந்தது, உதவி பின்னால் வந்தது, சட்டப் பாதுகாப்பு எல்லாவற்றுக்கும் கடைசியாக வந்தது. அடுத்த பெருந்தொற்று வருமுன் இந்த வரிசையை மாற்றி எழுத வேண்டும் என்பதே நம் நிலைப்பாடு.

புக்கிட் மெர்தாஜாமை முன்வைத்து இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. மலேசியாவின் பினாங்கு மாநிலம் என்றதும் வெளியூர்க்காரர் நினைவுக்கு வருவது தீவும் ஜார்ஜ்டவுனும்தான். பெருநிலத்தில் உள்ள இந்த ஊர் சுற்றுப்பயணிகளை நம்பிப் பிழைப்பதில்லை. ஒரு பக்கம் புக்கிட் மின்யாக், ஜூரு, பிறை தொழிற்பேட்டைகள். மறுபக்கம் பழைய சந்தைத் தெரு, அல்மா, மாச்சாங் பூபோக் வட்டாரக் கடைகள், இரவுச் சந்தைகள், சாலையோர ஒட்டுக்கடைகள். தொழிற்சாலையில் வாங்கிய சம்பளம் மாலையில் இந்தக் கடைகளில்தான் செலவாகிறது. பெரிய முதலீடும் சிறிய பிழைப்பும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால், பெருந்தொற்றுக் கால விதிகள் இரண்டையும் எப்படி வேறு வேறாக நடத்தின என்பது இங்கே கண்கூடாகத் தெரிந்தது.

நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையை அப்போதைய பிரதமர் முகைதீன் யாசின் அறிவித்தது 2020 மார்ச் 16 இரவு. அது நடப்புக்கு வந்தது மார்ச் 18. இடையில் இருந்தது ஒரே நாள். இரண்டு வாரத்துக்கு என்று சொல்லப்பட்டது நீண்டுகொண்டே போனது. மே 4-ஆம் தேதி கூட்டரசு கட்டுப்பாடுகளைத் தளர்த்தியபோது, பினாங்கு மாநில அரசு எல்லாவற்றையும் ஒரே நாளில் திறந்துவிடாமல் படிப்படியாகத் திறந்தது. அந்த நிதானத்தைக் குறை சொல்ல மாட்டோம். நிதானத்தின் செலவு யார் தலையில் விழுந்தது என்பதே நம் கேள்வி.

முடிதிருத்தும் நிலையங்களை எடுத்துக்கொள்வோம். ஏப்ரல் 10-ஆம் தேதி, அவை திறக்கலாம் என்று அனைத்துலக வாணிப, தொழில் அமைச்சு அறிவித்தது. எதிர்ப்புக் கிளம்பியது. சில நாள்களில் அனுமதி திரும்பப் பெறப்பட்டது. கடைசியில் கதவு திறந்தது ஜூன் 10. பன்னிரண்டு வாரம் ஒரு காசு வரவில்லை. இந்தியர் நடத்தும் பல நிலையங்கள் இந்தியாவிலிருந்து வந்த ஊழியர்களை நம்பியவை. வேலை இல்லை என்றாலும் அவர்களுக்குத் தங்க இடமும் மூன்று வேளைச் சாப்பாடும் கொடுத்தாக வேண்டும். அரசின் சம்பள உதவித்தொகை உள்நாட்டுத் தொழிலாளருக்கு மட்டுமே கிடைத்தது. முதலாளியே கத்தரி பிடிக்கும் கடைகளில் அவர் தொழிலாளராகவும் கணக்கில் வரவில்லை. போதாக்குறைக்கு, இந்தத் தொழிலில் புதிதாக வெளிநாட்டு ஊழியர்களை எடுப்பதற்கு 2009 முதல் தடை இருந்தது. ஊர் திரும்பியவரின் நாற்காலி, கடை திறந்த பிறகும் காலியாகவே கிடந்தது.

தீபாவளி வியாபாரிகளின் நிலையும் இதேதான். அந்த ஆண்டு தீபாவளி நவம்பர் 14. பினாங்கு மறுபடியும் நிபந்தனைக் கட்டுப்பாட்டுக்குள் வந்தது நவம்பர் 9. துணி, பலகாரம், பூ, அலங்காரப் பொருள் என்று வட்டிக்கு வாங்கிச் சரக்கு இறக்கியவர்களுக்கு மிச்சம் இருந்தது ஐந்து நாள். அதிலும் அனுமதி இல்லாமல் மாவட்டம் கடக்க முடியாது. இந்த ஊரின் புனித அன்னாள் ஆலயத் திருவிழாவை நம்பும் சிறு வியாபாரிகளுக்கும் 2020, 2021 ஆகிய இரண்டு ஜூலை மாதங்களிலும் பழைய கூட்டம் வரவில்லை. பள்ளிகள் பூட்டியதால் சிற்றுண்டிச்சாலை நடத்துவோரும் பள்ளி வேன் ஓட்டுவோரும் பட்டது தனிக் கதை.

2021 இதைவிடக் கடுமையாக இருந்தது. ஜனவரி 12-இல் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. மறுநாளே பினாங்கில் நடமாட்டக் கட்டுப்பாடு திரும்பியது. ஜூன் 1-இல் நாடு முழுவதும் முழு அடைப்பு வந்தது. அப்போதும் மின்னியல், மின்னணுத் தொழிற்சாலைகள் உள்ளிட்ட அத்தியாவசிய உற்பத்தித் துறைகள் 60 விழுக்காடு ஊழியர்களோடு இயங்க அனுமதி இருந்தது. முடிதிருத்தும் நிலையமும் துணிக்கடையும் பூட்டப்பட்டன. உணவகத்தில் உட்கார்ந்து சாப்பிட முடியாது. பொட்டலம் கட்டிக் கொடுக்கலாம், அல்லது விற்ற விலையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குவரை தரகாகக் கேட்கும் விநியோகச் செயலிகளிடம் போகலாம். பத்து மேசை போட்டு ரொட்டி சானாயும் தே தாரிக்கும் விற்பவருக்கு அந்தக் கணக்கு கட்டுப்படியாகாது.

தொழிற்சாலைகளை மூடியிருக்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. புக்கிட் மெர்தாஜாம் குடும்பங்களில் பலவற்றுக்கு அந்தச் சம்பளம்தான் ஆதாரம். ஆனால் தொற்று அபாயம்தான் அளவுகோல் என்றால் அது எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். 2020 நவம்பரில் கிள்ளானில் கையுறைத் தொழிற்சாலை ஊழியர் விடுதிகளிலிருந்து கிளம்பிய தொற்று, நாட்டின் மிகப் பெரிய கொத்துகளில் ஒன்றானது. கூட்டமாகத் தங்கும் விடுதி ஆபத்தானது என்பது அப்போதே தெரிந்துபோனது. ஒரு நேரத்தில் ஒரே வாடிக்கையாளரை உட்கார வைக்கும் கடை அதைவிட ஆபத்தானது என்று யாரும் நிறுவவில்லை. இருந்தும் விடுதி ஊழியர்கள் வேலைக்குப் போனார்கள், கடை பூட்டிக் கிடந்தது. ஏற்றுமதித் தொழிலுக்கு அமைச்சில் பேச ஆள் இருந்தது, கடைக்காரருக்கு இல்லை. அவசரநிலையின் பெயரால் ஜூலை 26 வரை நாடாளுமன்றமும் கூடாததால், அவருக்காகக் கேள்வி கேட்கக்கூட இடமில்லாமல் போனது.

தண்டத்திலும் இதே கோணல். 2021 மார்ச் 11 முதல் விதிமீறலுக்குத் தனிநபருக்கு 10,000 ரிங்கிட் வரையும் நிறுவனத்துக்கு 50,000 ரிங்கிட் வரையும் தண்டம் விதிக்கலாம் என்றானது. நேரம் கடந்து கடை நடத்தியதற்காகக் கிளந்தானில் ஒரு பர்கர் வியாபாரிக்கு 50,000 ரிங்கிட் தண்டம் எழுதப்பட்டது. பர்கர் வண்டியையும் பன்னாட்டு நிறுவனத்தையும் ஒரே தட்டில் நிறுத்தும் விதி, தண்டம் என்று வரும்போது மட்டும் இருவரையும் சமமாக நடத்தியது.

உதவியே வரவில்லை என்று சொன்னால் அது பொய். 2020 மார்ச் 27-இல் அறிவித்த பிரிஹாத்தின் திட்டத்தின் மதிப்பு 250 பில்லியன் ரிங்கிட். ஆறு மாதக் கடன் ஒத்திவைப்பு பல குடும்பங்களைக் காப்பாற்றியது. பதிவு பெற்ற குறுந்தொழில்களுக்கு 3,000 ரிங்கிட் மானியம் கிடைத்தது. மாநில அரசும் தன் பங்குக்கு உதவித் திட்டம் அறிவித்தது. ஆனால் அந்த 250 பில்லியனில் அரசு நேரடியாக இறக்கியது 25 பில்லியன். மற்றதில் பெரும்பகுதி கடன், கடன் உத்தரவாதம், ஒத்திவைப்பு. வருமானம் இல்லாதவருக்குக் கடன் கொடுப்பது நாளைய சுமையை இன்றே எழுதி வைப்பதுதான். பதிவு இல்லாத ஒட்டுக்கடைக்காரருக்கும், வீட்டில் சமைத்து விற்கும் பெண்ணுக்கும் அந்த 3,000 ரிங்கிட்டும் எட்டவில்லை.

வாடகைக் கதை இன்னும் மோசம். சிங்கப்பூரில் கட்டுப்பாடு தொடங்கிய 2020 ஏப்ரல் 7-ஆம் தேதியே, ஒப்பந்தப்படி பணம் கட்ட முடியாமல் போனவர்களுக்குத் தற்காலிகப் பாதுகாப்பு தரும் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. மலேசியாவில் அதே நோக்கமுள்ள சட்டம் அரசிதழில் வந்தது அக்டோபர் 23. முதல் அடைப்புக்கும் அதற்கும் இடையே ஏழு மாதம். அதற்குள் கட்ட வேண்டியவர்கள் எப்படியோ கட்டி முடித்தார்கள், முடியாதவர்கள் சாவியைக் கொடுத்துவிட்டு வெளியேறினார்கள். காலி செய்தவருக்கு முன்தேதியிட்ட பாதுகாப்பால் என்ன பயன்?

விளைவைப் புள்ளிவிவரத் துறையே சொல்லிவிட்டது. 2020-இல் நாட்டின் பொருளாதாரம் 5.6 விழுக்காடு சுருங்கியது. சிறு, நடுத்தரத் தொழில்கள் மட்டும் 7.3 விழுக்காடு சுருங்கின. மக்கள் தங்கள் முதுமையை எடுத்துச் செலவு செய்தார்கள்: ஊழியர் சேமநிதியிலிருந்து நான்கு சிறப்புத் திட்டங்களின் வழியே எடுக்கப்பட்ட தொகை 145 பில்லியன் ரிங்கிட். அந்தப் பணம் அவர்களுடையதே. பெருந்தொற்றுச் செலவில் ஒரு பெரிய பங்கைத் தொழிலாளி தன் ஓய்வுக்காலத்திலிருந்து கட்டினார் என்பதே இதன் பொருள். சேமநிதியும் இல்லாத சிறு வியாபாரி நகையை அடகு வைத்தார். 2021 ஜூன் கடைசியில் வீட்டு வாசல்களில் உதவி கேட்டு வெள்ளைக்கொடி ஏறத் தொடங்கியது இந்தப் பின்னணியில்தான்.

மறுதரப்பு வாதத்தையும் பார்ப்போம். உயிர் முக்கியமா, வியாபாரம் முக்கியமா என்று கேட்பார்கள். உயிர்தான். 2021 ஆகஸ்டில் ஒரே நாளில் 24,000-க்கும் மேற்பட்டோருக்குத் தொற்று கண்ட நாடு இது. சென்னைக் கோயம்பேடு சந்தை 2020 மே மாதத்தில் எப்படித் தொற்று மையமானது என்பதையும் நாம் பார்த்தோம். நெரிசலான இடத்தை முறைப்படுத்தாமல் திறந்து வைப்பது வியாபாரிக்கே ஆபத்து. ஆனால் ஈடு கொடுத்தால்தான் அடைப்பும் உண்மையாக நிற்கும். பசியோடு இருப்பவர் கதவைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே வியாபாரம் பார்ப்பார். வாடகைக் கவலை இல்லாதவர் வீட்டில் இருப்பார்.

இன்னொரு வாதம், இதற்கெல்லாம் பணம் எங்கே என்பது. ஈடு என்றால் இழந்த லாபம் முழுவதையும் அரசு கொடுக்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. உத்தரவால் மூடப்பட்ட நாள்களுக்குக் கடை வாடகையில் ஒரு பங்கு, உரிமையாளர் குடும்பத்துக்கு ஓர் அடிப்படைத் தொகை, இவ்வளவே. இதற்கு வழியும் நம் கையிலேயே இருக்கிறது. 2018 முதல் நடப்பில் உள்ள வேலை காப்புறுதித் திட்டம் வேலை இழந்த ஊழியருக்குப் பணம் தருகிறது. சுயதொழில் செய்வோருக்கு 2017-ஆம் ஆண்டுச் சட்டம் தருவது வேலை விபத்துப் பாதுகாப்பு மட்டுமே. அரசு உத்தரவால் வருமானம் நின்றால் அதில் ஒரு காசும் வராது. வியாபாரியும் அரசும் சேர்ந்து சந்தா கட்டும் ஒரு பிரிவை, சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்கேசோவில் சேர்த்தால் இந்தப் பள்ளம் அடைபடும்.

ஆகவே நாம் கேட்பது நான்கு. முதலாவது, தொற்று நோய்த் தடுப்புச் சட்டத்தின் கீழ் வரும் எந்த அடைப்பு உத்தரவோடும் ஈட்டுத் தொகையும் வாடகைப் பாதுகாப்பும் தானாகவே நடப்புக்கு வர வேண்டும். புதிய சட்டத்துக்கு ஏழு மாதம் காத்திருக்கும் நிலை மறுபடி வரக்கூடாது. இரண்டாவது, திறக்கும் வரிசையைத் தொழிலின் அளவு தீர்மானிக்கக்கூடாது. எத்தனை பேர், எவ்வளவு நேரம், எவ்வளவு காற்றோட்டம் என்பவை தீர்மானிக்கட்டும். அந்த அளவுகோலை முன்கூட்டியே வெளியிட்டால் கடைக்காரர் தன் கடையைத் தயார் செய்து வைப்பார். மூன்றாவது, தண்டம் வருமானத்துக்கு ஏற்றதாக இருக்கட்டும்.

நான்காவது கோரிக்கை செபராங் பிறை மாநகர் கழகத்துக்கு. எந்தத் தெருவில் எந்த ஒட்டுக்கடை, எந்தச் சந்தையில் யார் என்று அறிந்த அலுவலகம் அதுதான். உரிமம் பெற்றவர், பெறாதவர், வீட்டிலிருந்து விற்பவர் எல்லோரையும் கட்டணமில்லாமல், அபராதப் பயமில்லாமல் ஒரு பதிவேட்டில் சேர்க்கும் வேலையை அமைதிக் காலத்திலேயே அது தொடங்கலாம். நெருக்கடி வந்த பிறகு படிவம் அச்சடித்தால், படிவம் நிரப்பத் தெரிந்தவருக்கே உதவி போய்ச் சேரும்.

நம் வியாபாரிகளுக்கும் ஒரு வார்த்தை. உரிமம் எடுங்கள், கணக்கு எழுதுங்கள், சங்கத்தில் சேருங்கள். 2020-இல் உதவி பெற்றவருக்கும் பெறாதவருக்கும் இடையே பல நேரம் இருந்த வேறுபாடு ஒரு பதிவு எண்தான். அடுத்த தேர்தலில் ஓட்டுக் கேட்டு உங்கள் கடைக்கு வரும் வேட்பாளரிடம் ஒன்றைக் கேளுங்கள்: மறுபடி கடையை மூடச் சொன்னால், அன்றைய வாடகைக்கு உங்கள் கட்சி என்ன சட்டம் வைத்திருக்கிறது? பதில் சொல்ல முடியாதவருக்கு உங்கள் வாக்கைக் கேட்கும் தகுதி இல்லை.