உறங்காத உருக்கு

ஊரெல்லாம் விளக்கணைத்து உறங்கும் சாமத்திலும் வீதியோரத்து நிலைமாற்றி உறங்குவதில்லை. அதன் உருக்குத் தகடுகளிற் காந்தம் செக்கனுக்கு 50 முறை திசை திரும்பி மீள்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் சிறிது மின்சக்தி வெப்பமாய் வீணாகிறது. சிலிக்கன் கலந்தும், தகடுகளை மெலிதாக்கியும், 1934இல் அமெரிக்கரான நோர்மன் கொஸ் ஆக்கவுரிமை பெற்ற முறையால் உலோகப் பளிங்குகளை ஒரே திசைப்பட நிறுத்தியும் அறிஞர் இவ்விழப்பைப் பெரிதுங் குறைத்தனர்.

ஆயினும், வாங்குவோர் விலையொன்றையே நோக்குவது தவறென்பது எமது துணிபு. இடையறாத 100 உவாற்று இழப்பு ஓராண்டில் 876 அலகாகும். நிலைமாற்றியோ பல பத்தாண்டு நிற்பது. அதற்குப் பணங் கட்டுவோர் யார்? பாவனையாளரே! கேள்விப்பத்திரங்களை ஆராயும் பதவிகளில் எம் பழைய மாணவர் சிலரேனும் இருத்தல்கூடும். மலிவானதை ஏற்குமுன், அதன் ஆயுட்கால இழப்பையும் விலையோடு கூட்டிப் பார்க்குமாறு அவர்களை வேண்டுகிறோம்.