பலகை வந்தது, பயிற்சி வந்ததா?

உப்பளம் என்ற பெயரைச் சொல்லும்போதே பாத்தி கட்டி உப்பு விளைவிக்கும் உழைப்பு நினைவுக்கு வருகிறது. கடல்நீரைப் பாத்தியில் பாய்ச்சிவிட்டால் மட்டும் உப்பு கிடைத்துவிடாது. வெயிலறிந்து, பதமறிந்து வாரியெடுக்கும் கை வேண்டும். இவ்வெளிய உண்மையை நம் வகுப்பறைகளில் ஏன் மறந்தோம்?

கரும்பலகை இருந்த சுவரில் இன்று தொடுதிரைப் பலகை ஒளிர்கிறது. சேர்க்கை விளம்பரத்தில் அதற்கே முதலிடம். அதற்கெனக் கட்டணமும் செலுத்துகிறோம். ஆனால், அதைக் கையாள வேண்டிய ஆசிரியைக்குப் பல இடங்களில் கிடைப்பதென்ன? விற்க வந்தவர் ஒரு பிற்பகலில் காட்டிச் சென்ற விசைகள் மட்டுமே. முடிவில், பாடநூலின் பக்கமே திரையில் பெரிதாகத் தெரிகிறது. பிள்ளைகள் முன்போலவே பார்த்து எழுதுகிறார்கள்.

ஆசிரியர்கள் புதுமைக்கு அஞ்சுகிறார்கள் என்று பழி சுமத்துவோர் உளர். இதை நாம் ஏற்பதற்கில்லை. 2003-இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியபோது, ஆசிரியர்கள் ஆந்திரத்தின் ரிஷிவேலிக்குச் சென்று நேரில் கண்டு பயின்றனர். கற்றல் அட்டைகளை உருவாக்குவதிலும் பங்கேற்றனர். 2007-08-இல் அம்முறை தமிழகத்து அரசுத் தொடக்கப்பள்ளிகளெங்கும் பரவியது. கருவி வெறும் அட்டைதான். அதற்கு உயிர் தந்தது பயிற்சி. மாறாக, பெரு நாட்டில் பிள்ளைகளுக்கு மடிக்கணினிகள் வாரி வழங்கப்பட்டன. அங்கு 319 கிராமப்புறப் பள்ளிகளில் நடந்த ஆய்வு 2012-இல் வெளியானபோது, கணக்கிலோ மொழியிலோ முன்னேற்றத்திற்குச் சான்று கிடைக்கவில்லை.

புதுவை அரசுப் பள்ளிகளின் மேல்வகுப்புகளும் 2023-24 முதல் மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் பாடத்திட்டத்திற்கு மாறின. அவ்வாரியம் ஆசிரியர்க்கு ஆண்டுக்கு 50 மணி நேரப் பயிற்சியைக் கட்டாயமாக்கியுள்ளது. நல்லதே. ஆயினும், காணொளியை ஓடவிட்டுச் சான்றிதழ் பெறுவது பயிற்சியாகாது. பின்னக் கணக்கில் எந்த இடத்தில் படத்தைக் காட்டுவது, எந்த இடத்தில் திரையை அணைத்துவிட்டுப் பிள்ளைகளைப் பேசவைப்பது என்று கற்பதே பயிற்சி. மூத்த ஆசிரியர் ஒருவர் வகுப்பில் உடனமர்ந்து பார்த்து, பின்னர் கலந்துரையாடுவதே பயிற்சி.

கத்தோலிக்கப் பள்ளி தன் நோக்கத்தை அடைவது பெரிதும் ஆசிரியரையே சார்ந்துள்ளது என்பதை இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கையில் உணர்த்தியது. கருவியைச் சார்ந்துள்ளது என்று அது சொல்லவில்லை.

உப்பளத்துச் சந்துகளிலும் வம்பாக்கீரப்பாளையத்து மீனவர் தெருக்களிலும் வீட்டில் சொல்லித்தர ஆளில்லாத, தனிப்பயிற்சிக்குப் பணமில்லாத பிள்ளைகள் உள்ளனர். அவர்களுக்கு வகுப்பறை ஒன்றே கதி. அங்கு வீணாகும் ஒவ்வொரு பாடவேளையும் அவர்களிடமிருந்து பறிக்கப்பட்டதே.

எனவே, பொதுநிலையினராகிய நாம் பங்குப் பேரவையில் எழுந்து கேட்போம்: பலகைக்குச் செலவிட்டதில் எத்தனை பங்கு ஆசிரியர் பயிற்சிக்குச் சென்றது? ஆசிரியர்கள் கூடித் திட்டமிட வாரத்தில் ஒரு பாடவேளையேனும் ஒதுக்கப்பட்டுள்ளதா? விடை கிடைக்கும்வரை, அடுத்த பலகைக்கு நன்கொடை கேட்டு வருவோரிடம் கைவிரிப்பதே அறம்.