படிவத்தில் இடமில்லாத கன்று

வீட்டுத்தோட்டப் பதிவுக்காகக் கடந்த மாதம் கிளிநொச்சிப் பக்கம் ஓர் அக்காவின் வளவுக்குப் போயிருந்தேன். கத்தரி, பயிற்றை, முருங்கை எல்லாம் எழுதியாயிற்று. கிணற்றடியில் பழைய வாளிகளில் ஏழு தூஜாக் கன்றுகள் நின்றன. சீனாவிலிருந்து வந்த ஊசியிலை மர இனம் இது. இலைகள் புத்தகத் தாள்கள்போல நிமிர்ந்து அடுக்காக நிற்கும். இடுப்புயரம் வர ஆண்டுக்கணக்கு எடுக்கும் குட்டை வகை.

“இதால என்ன வருமானம் அக்கா?” என்று கேட்டேன். படிவம் அப்படித்தான் கேட்கிறது.

“ஒண்டுமில்லைப் பிள்ளை. பாத்துக்கொண்டிருந்தா மனம் ஆறும்.”

2008 இறுதியில் இடம்பெயர்ந்தபோது விட்டுப்போன தாய்ச்செடி, 2010 இல் திரும்பி வந்தபோது பற்றைக்குள் உயிரோடு நின்றதாம். வீட்டுக்குக் கூரைகூட மிஞ்சவில்லை.

அதன் கிளை நுனிகளை ஒரு விரல் நீளத்துக்கு நறுக்கி, மணல் கலந்த மண்ணில் ஊன்றி, நிழலில் ஈரம் காயாமல் வைக்கிறார். வேர்விட மாதக்கணக்காகும்; பத்தில் மூன்று பிழைத்தாலே பெரிய காரியமாம். பிறகு நல்ல வெயில் வேண்டும். நீர் தேங்கினால் வேர் அழுகும் என்பதால் வாளியின் அடியில் துளை கட்டாயம்.

உட்புறம் காய்ந்த இலைகளைக் கண்டு நோய் என்று நினைத்தேன். வெளிச்சம் படாத இடம் அப்படித்தான் காயுமாம். ஆனால் செவ்வரத்தையைப்போல நினைத்துப் பச்சையில்லாத பழைய கட்டைவரை வெட்டினால் அது திரும்பத் துளிர்க்காது. காணாமற்போன கணவர் முன்பொருமுறை அப்படி வெட்டிய பக்கம், தாய்ச்செடியில் இன்னும் மொட்டையாகவே இருக்கிறது.

படிவத்தில் ‘ஏனையவை’ என்ற இடத்தில் ‘தூஜா, 7’ என்று எழுதி, வருமானக் கூட்டை வெறுமையாக விட்டேன். அலுவலகத்தில் கேள்வி வரும். அயலில் இருவர் விலைக்குக் கன்று கேட்டிருக்கிறார்கள். கொடுக்க அக்காவுக்கு இன்னும் மனம் வரவில்லை.