இயந்திரம் மட்டுமே படிக்கும் எழுத்து

1908இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முன் ஒரு விந்தையான கேள்வி வந்தது. தானியங்கிப் பியானோவில் மாட்டப்படும் துளையிட்ட காகிதச் சுருள், அது இசைக்கும் பாடலின் 'பிரதி' ஆகுமா? தன்னிடம் உரிமை இருந்த இரண்டு பாடல்களை அப்பல்லோ நிறுவனம் அனுமதியின்றிச் சுருளாக்கி விற்கிறது என்று வைட்-ஸ்மித் என்னும் இசைப் பதிப்பகம் வழக்குத் தொடுத்திருந்தது. பதிப்பகம் தோற்றது. பிரதி என்பது மனிதர் கண்ணால் கண்டு உணரத்தக்க குறியீட்டில் இருக்கவேண்டும். சுருளை யாரும் இசைத்தாளைப் போல வாசிப்பதில்லை. ஆகவே அது இயந்திரத்தின் ஓர் உறுப்பே என்றது நீதிமன்றம். அடுத்த ஆண்டே புதிய பதிப்புரிமைச் சட்டம் வந்தது. இயந்திரப் பிரதி ஒவ்வொன்றுக்கும் 2 சென்ட் உரிமத்தொகை என்று அது விதித்ததில் பணச் சிக்கல் தீர்ந்தது. ஆனால் சுருள் எழுத்தா, உறுப்பா என்ற கேள்வி அப்படியே நின்றுவிட்டது.

மொழியியல் பயின்றவர் என்ற முறையில் எனக்கு இதில் ஐயமில்லை: அது எழுத்துதான். நீதிமன்றம் செய்த பிழையை அருங்காட்சியகங்களும் பல்கலைக்கழகங்களும் இன்றும் வேறு வடிவில் செய்துவருகின்றன என்பதே இப்பதிவின் வாதம்.

முதலில் இக்கருவிகள் இயங்கும் விதத்தைப் பார்ப்போம். சுருதி சேர்த்த எஃகு நாக்குகளை மீட்டி இசையெழுப்பும் கருவியை 1796இல் ஜெனிவாவின் கடிகாரக் கலைஞர் அந்துவான் ஃபாவ்ர் அறிமுகப்படுத்தினார். பின்னர் வந்த இசைப்பெட்டியில் ஒரு பித்தளை உருளையும் ஒரு எஃகுச் சீப்பும் இருக்கும். உருளை சுழலும்போது அதன் மேலுள்ள நுண்முட்கள் சீப்பின் பற்களை மீட்டிச் செல்லும். உருளையின் நீளவாட்டில் முள் இருக்கும் இடம் சுரத்தைக் குறிக்கும். சுற்றளவில் இருக்கும் இடம் காலத்தைக் குறிக்கும். ஒரு பாடல் முடிந்ததும் உருளை மயிரிழை அளவு பக்கவாட்டில் நகரும். அப்போது முதல் பாடலின் முட்கள் பற்களுக்கு இடைப்பட்ட வெளியில் வாளாவிருக்க, அடுத்த பாடலின் முட்கள் பற்களுக்கு நேரே வரும். ஒரே பரப்பில் பல பனுவல்கள் ஒன்றையொன்று தொடாமல் ஊடாடிக் கிடக்கின்றன.

பியானோ சுருளில் முள்ளின் வேலையைத் துளை செய்கிறது. வரிசையாகக் காற்றுத்துளைகள் கொண்ட ஒரு உலோகச் சட்டத்தின் மீது காகிதம் நகர்கிறது. காகிதத்தின் துளையும் சட்டத்தின் துளையும் நேர்ப்படும்போது காற்று உட்புகுந்து ஒரு வால்வைத் திறக்கும். சிறு துருத்தி ஒன்று சுருங்கிச் சுத்தியலை இயக்கும். தொடக்கத்தில் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு துளை அமைப்பை வைத்திருந்தது. 1908 இறுதியில் பஃபலோ நகரில் கூடிய தயாரிப்பாளர்கள் 88 சுரங்கள், அங்குலத்துக்கு 9 துளைகள் என்ற பொது அளவை ஏற்றனர். சுருளை யாரும் இசைத்தாளைப் போல வாசிப்பதில்லை என்று நீதிமன்றம் சொன்ன அதே ஆண்டில், அச்சுருளை எல்லா இயந்திரங்களும் ஒரே வகையில் படிக்கும்படி உற்பத்தியாளர்கள் ஓர் எழுத்துச் சீர்திருத்தத்தையே நடத்தி முடித்திருந்தார்கள்.

இவ்வெழுத்து சில இடங்களில் மனிதர் படிக்கும் எழுத்தைவிட நுட்பமானது. 'நாடு', 'நடு' என்னும் இரு சொற்களையும் எண்ணிப் பாருங்கள். இரண்டின் இறுதியிலும் நாம் எழுதுவது ஒரே 'டு'. முன்னதில் உகரம் குறுகி அரை மாத்திரையாக ஒலிக்கிறது. பின்னதில் முழு மாத்திரை. இவ்வேறுபாடு இலக்கணத்திலும் நாவிலும் இருக்கிறது; இன்றைய வரிவடிவத்தில் இல்லை. ஐரோப்பிய இசைத்தாளுக்கும் இதே குறை உண்டு. 1775இல் உருளைகளில் முள் பதிக்கும் கலையைப் பற்றி நூலெழுதிய பிரெஞ்சுத் துறவி எங்கிரமெல் இதை எதிர்கொண்டார். எந்தச் சுரமும் தன் முழுக் காலத்துக்கும் ஒலிப்பதில்லை. ஒலிக்கும் ஒரு பகுதியும் அதன்பின் ஒரு சிறு மௌனமும் சேர்ந்ததே ஒரு சுரம். வாசிப்பவரின் விரல் இம்மௌனத்தைத் தானே இட்டு நிரப்பும். உருளைக்கு விரல் இல்லை. ஆகவே முள் பதிப்பவர் அம்மௌனத்தையும் அளந்து எழுதவேண்டியிருந்தது. 18ஆம் நூற்றாண்டின் வாசிப்பு முறை குறித்து இசைத்தாள்கள் சொல்லாத செய்திகளை இவ்வுருளைகள் சொல்வது இதனால்தான். எஸ்டர்ஹாசி அரண்மனையின் நூலகர் நீமெட்ஸ், ஹைடனின் இசைக்காக 1792, 1793 ஆண்டுகளில் செய்த குழல் கடிகாரங்களை இசை வரலாற்றாளர்கள் சான்றாவணமாகக் கொள்வதும் இதனால்தான்.

ஆனால் இவ்வெழுத்தின் வாசகர் இயந்திரம். உருளை காலத்தின் விகிதத்தை மட்டுமே தருகிறது. உண்மையான வேகத்தை நிர்ணயிப்பது, காற்றைத் தள்ளிச் சுழன்று வில்சுருளின் விசையைக் கட்டுப்படுத்தும் ஒரு சிறு விசிறித் தகடு. பியானோ சுருளிலோ, காகிதம் சுற்றப்படும் தண்டு சுற்றுக்குச் சுற்று பருப்பதால் காகிதத்தின் வேகம் படிப்படியாகக் கூடும். இயந்திரத்தை அறியாமல் சுருளை மட்டும் ஒளிவருடி எண்மமாக்கினால், இழையிழையாக மாறும் இவ்வேகம் கணக்கிலிருந்து நழுவிவிடும். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் நடக்கும் சுருள் எண்மமாக்கப் பணிகள் போற்றத்தக்கவை. அவை பயன்தருவதற்கே, இயந்திரத்தை நன்கறிந்தோர் உடனிருக்க வேண்டும்.

"அப்படியானால் எல்லாவற்றையும் ஓடவிடுங்கள் என்கிறீர்களா?" என்று காப்பாளர்கள் கேட்பது நியாயமே. முழுதும் முறுக்கிய வில் இருக்கையில் விசிறிப் பகுதி பழுதானால், உருளை கட்டற்றுச் சுழலும். சில நொடிகளில் முட்கள் வளையும், சீப்பின் பற்கள் தெறிக்கும். நூறாண்டு தாண்டிய ஒரு பனுவல் அத்துடன் அழியும். எனவே அருங்காட்சியகம் கருவியைக் கண்ணாடிக்குள் வைத்து நிறுத்திவிடுவது அச்சத்தால் மட்டும் அன்று, பொறுப்பாலும்தான். ஆனால் நிறுத்தியதோடு கடமை முடிந்ததாகக் கருதுவதை என்னால் ஏற்க இயலவில்லை. உட்ரெக்டு நகரின் ஸ்பெல்குளோக் அருங்காட்சியகம் பழுதுநீக்கும் பட்டறையையும் தன்னகத்தே வைத்துக்கொண்டு, பார்வையாளர்களுக்குக் கருவிகளை இசைத்துக் காட்டுகிறது. அந்தத் திறன் இல்லாத நிறுவனங்கள், நிறுத்துவதற்கு முன் கருவியின் வேகத்தையும் சுருதியையும் விசிறியின் கோணத்தையும் அளந்து பதிவுசெய்ய இயலும்.

அளக்கத் தெரிந்தவர்கள் யார்? பெரும்பாலும் பல்கலைக்கழகத்துக்கு வெளியே இருக்கும் ஆர்வலர்கள். அமெரிக்காவில் 1949இலும் பிரிட்டனில் 1962இலும் இசைப்பெட்டிச் சங்கங்களைத் தொடங்கியவர்கள் இவர்களே. பல்லின் அடியிலுள்ள மெல்லிய தணிப்புக் கம்பி தேய்ந்திருப்பதை ஒரு சிறு கரகரப்பைக் கேட்டே சொல்லிவிடுவார்கள். இவர்களின் சந்திப்புகளில் வால்வு, தோல், பசை என்று மணிக்கணக்கில் நடக்கும் பேச்சைப் பொழுதுபோக்கு என்று நாம் ஒதுக்குகிறோம். ஒரு மொழியின் கடைசித் தலைமுறைப் பேச்சாளர்களிடம் ஒலிப்பதிவுக் கருவியோடு ஓடும் நாம், ஓர் எழுத்தின் கடைசித் தலைமுறை வாசகர்களைக் கண்டுகொள்வதில்லை.

சிந்துவெளி முத்திரைகள் ஆயிரக்கணக்கில் நம்மிடம் பத்திரமாக இருக்கின்றன. அவற்றைப் படிப்பதெப்படி என்று சொல்லித்தர ஒருவரும் மிஞ்சவில்லை. சுருள்களுக்கும் உருளைகளுக்கும் அந்நிலை இன்னும் வரவில்லை. பொருள்சார் பண்பாடு, ஆவணவியல், ஒலிப்பியல் ஆகிய துறைகளில் ஆய்வுத் தலைப்புத் தேடும் மாணவர்களுக்கு என் பரிந்துரை இதுதான்: பட்டறைக்குச் செல்லுங்கள். பழுதுநீக்குநர் சொல்வதை அவருடைய சொற்களிலேயே பதியுங்கள். ஆர்வலர் சங்கங்களின் இதழ்களை ஆய்வேட்டில் தயங்காமல் மேற்கோள் காட்டுங்கள். நெறியாளர் "இது ஆய்வாகுமா?" என்று கேட்டால், 1908ஆம் ஆண்டுத் தீர்ப்பை எடுத்துக் காட்டி, அக்கேள்வியிலிருந்தே உங்கள் முதல் இயலைத் தொடங்குங்கள்.