ஆலயத்தில் கணினி இசை



ஆலயங்களில் ஆர்மோனியம் இருந்த இடத்தில் இன்று டிஜிட்டல் பியானோவும், அதனருகே மடிக்கணினியும் அமரத் தொடங்கியுள்ளன. ஸ்ரீமுஷ்ணம் போன்ற சிற்றூர்களிலும் இளைஞர் இதனை விரும்புகின்றனர். "திருப்பலிக்கு இது தகுமோ?" என்று பெரியோர் வினவுகின்றனர். இரு சாராருக்கும் விடை கூறுதல் நம் கடமை.

முதலில் இக்கருவி இயங்கும் விதத்தை அறிவோம். கட்டையை அழுத்தும்போது கணினிக்குச் செல்வது ஒலியன்று. எந்தக் கட்டை, எவ்வளவு விசை, எப்போது விடுபட்டது என்னும் செய்தியே. விசையை 1 முதல் 127 வரையுள்ள எண்ணால் அது குறிக்கும். 'மிடி' என்னும் இப்பொது நெறி 1983இல் நடைமுறைக்கு வந்தது. அச்செய்தியைப் பெற்ற மென்பொருள், முன்னரே பதிவு செய்யப்பட்ட ஆர்கன், வயலின், புல்லாங்குழல் முதலியவற்றின் ஒலிகளுள் உரியதை எடுத்து ஒலிக்கும். நம் அண்டையிலுள்ள விருத்தாசலத்துப் பீங்கான் பொம்மைகளை நாம் அறிவோம். அச்சு ஒன்றாயினும், கண் தீட்டும் கைதான் பொம்மைக்கு முகம் தருகிறது. பதிவான ஒலி அச்சைப் போன்றது; உயிர் தருவது விரல்.

திருச்சபையின் அக்கறையும் இந்த விரலைப் பற்றியதே. திருவழிபாட்டு இசை குறித்து 1958 செப்டம்பர் 3ஆம் நாள் வெளியான உரோமை அறிவுரை, ஆள் நேரில் வாசிக்கும் கருவிகளையே வழிபாட்டில் ஏற்று, தானே இயங்குவனவற்றை விலக்கியது. 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் குழல் ஆர்கனுக்குச் சிறப்பிடம் அளித்து, தகுதியான பிற கருவிகளுக்கும் வாயில் திறந்தது. கருவியின் ஒலி பாடலின் சொற்களை மூழ்கடிக்கலாகாது என்று 1967ஆம் ஆண்டு அறிவுரை கூறுகிறது.

ஆகவே, கையால் வாசிக்கப்படும் கணினி ஆர்கனைக் கண்டு நாம் அஞ்ச வேண்டியதில்லை. பொத்தானைத் தட்டியதும் தானே ஓடும் தாளமும், முழுமையாகப் பதிவு செய்து வைத்த பின்னணி இசையும் வேறு. பீடத்தண்டையில் ஒரு முதிய தாய் மூச்சு வாங்கச் சற்றுத் தாமதித்தால், வாசிப்பவரின் விரலும் தாமதிக்கும்; இயந்திரம் தாமதியாது. அதனைத் துரத்திக் களைத்த மக்கள், நாளடைவில் பாடுவதை விட்டுக் கேட்போராகிவிடுவர். இழப்பு அங்கேதான் உள்ளது.

வாசிக்கும் இளைஞருக்குச் சில சொற்கள். கட்டையை அழுத்தியபின் ஒலி பிந்தி வந்தால் பாடகர் குழு முழுவதும் இழுபடும். ஆகவே அந்தத் தாமதம் மிகக் குறைவாக இருக்குமாறு கணினியை அமைத்துக் கொள்ளுங்கள். வழிபாட்டின்போது இணையத் தொடர்பைத் துண்டித்து விடுங்கள். தேவையான ஒலிகளைத் திருப்பலிக்கு முன்னரே ஏற்றி வையுங்கள். கணினி நின்றுவிட்டால் பியானோவின் சொந்த ஒலிக்கு உடனே மாறப் பழகுங்கள். மின்சாரம் நின்றால்? பழைய ஆர்மோனியத்தை மூலையில் தூசு படிய விடாதீர்கள். எந்தக் கருவியும் இல்லாதபோதும் மக்கள் தயங்காது பாடுமளவிற்குப் பாடல்களைக் கற்றுக்கொடுங்கள்.

பெற்றோரே, கருவிக்காக நன்கொடை தருகிறீர்கள், மகிழ்ச்சி. அத்துடன் உங்கள் குரலையும் தாருங்கள். இல்லத்துச் செபவேளையில் பிள்ளைகளோடு ஒரு பாடலேனும் பாடுங்கள். இறைவன் தம் கையாலேயே செய்து நமக்களித்த இசைக்கருவி அதுவன்றோ!