டி.எஸ்.எல்.ஆர் மோகம்

செகண்ட் ஹேண்டில் டி.எஸ்.எல்.ஆர் மலிவா வருது, வாங்கவான்னு இங்கே புனேல ஒரு நண்பர் கேட்டார். வேண்டாம் சாமி! 2014-ல நான் கேனன் 1200டி வாங்கி அனுபவிச்சாச்சு.

சென்சார் பெருசும்பாங்க. பெருசுதான், கையடக்க சோனி ஆர்எக்ஸ்100-ஐ விட கிட்டத்தட்ட மூணு மடங்கு. ஆனா கூட வர்ற 18-55 கிட் லென்ஸ் எஃப்/3.5-லதான் ஆரம்பிக்குது, சோனி எஃப்/1.8. ஜூம் பண்ணாதப்போ ஏறக்குறைய நாலு மடங்கு வெளிச்சம். அப்புறம் என்ன பெரிய சென்சார்? (நல்ல லென்ஸ் மாட்டினா டி.எஸ்.எல்.ஆர்தான் ராஜா. எத்தனை பேர் மாட்டினோம்?)

சோனி 240 கிராம். என்னுது லென்ஸோட முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் கம்மி. 2016-ல ஊருக்குக் கிளம்பறப்போ, "இதை வேற யாருங்க தூக்கறது?"ன்னாங்க வீட்டம்மா. அலமாரியிலேயே விட்டுட்டோம். அந்தி நேரத்துல திண்ணையில அப்பத்தா பையனை மடியில வெச்சிருந்ததைப் போன்லதான் எடுத்தேன். முகமே தெரியல, ஒரே புள்ளி. அடுத்த வருஷம் அப்பத்தா இல்லை.