தாத்தா அள்ளிய பனியும் பேரனின் நெஞ்சும்

பனி அள்ளுவது இலவச உடற்பயிற்சி, அதில் மாரடைப்பு பயம் காட்டுவது மருத்துவர்களின் பிழைப்பு என்று எழுதியிருக்கிறார் ஒரு கட்டுரையாளர். கனடாவில் நாற்பது பனிக்காலம் ஷவல் பிடித்தும் தனக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதே தலையாய ஆதாரம். பிழைத்தவர் மட்டுமே கூண்டேறும் வழக்கில் செத்தவர் கட்சியைப் பேசுவது யார்?

தாத்தாக்கள் அள்ளவில்லையா என்கிறார். அள்ளினார்கள், ஆண்டு முழுக்க விறகு பிளந்து உரமேறிய உடம்போடு. நாற்காலியிலேயே நாளைக் கழிக்கும் பேரனுக்கு அந்த உடம்பு எங்கிருந்து வரும்? 1993-இல் வெளிவந்த மிட்டில்மன் குழுவின் அமெரிக்க ஆய்வு இந்த வித்தியாசத்தைத்தான் அளந்தது. கடும் உழைப்பை அடுத்த ஒரு மணி நேரத்தில் மாரடைப்பு அபாயம், வாரம் ஐந்து முறையாவது வியர்க்க உழைப்பவருக்கு 2.4 மடங்கு, உடம்பை அசைக்காதவருக்கு 107 மடங்கு. பனி அள்ளிச் செத்தவர்கள் ஏற்கெனவே நோயாளிகள், எப்படியும் போயிருப்பார்கள் என்ற அடுத்த வாதமும் இங்கேயே படுத்துவிடுகிறது. ஏனென்றால் அந்த ஆய்வு ஒருவரை இன்னொருவரோடு ஒப்பிடவில்லை, அதே மனிதரின் அந்த ஒரு மணி நேரத்தை அவருடைய வழக்கமான வாழ்க்கையோடு ஒப்பிட்டது.

குளிர் ரத்தக்குழாய்களை இறுக்குகிறது, ஈரப்பனியைத் தூக்கும்போது மூச்சை அடக்குகிறோம், கால்கள் நிற்க கைகளே பாரம் சுமக்கின்றன. மூன்றும் ஒரே நேரத்தில் இதயத்தின் மேல் விழுகின்றன. 1995-இல் பயிற்சியில்லாத, ஆனால் ஆரோக்கியமான பத்து ஆண்களை அள்ளவைத்துப் பார்த்தார்கள்; இரண்டே நிமிடத்தில் இதயத்துடிப்பு உச்சத்தின் 85 சதவீதத்தைத் தாண்டியது. இதையா காலை நடையோடு சேர்த்து எண்ணுவது?

அவருடைய துருப்புச்சீட்டு 2017-இன் கியூபெக் ஆய்வு: பெரும்பனி பெய்த மறுநாள் பெண்களிடம் மாரடைப்பு கூடவில்லை, ஆகவே பனியைப் பழிக்காதீர்கள் என்கிறார். அதே ஆய்வில் ஆண்களின் மாரடைப்பு மரணம் 34 சதவீதம் கூடியிருந்ததை ஏன் விழுங்கினார்? குளிர் இருவருக்கும் ஒன்றுதான். ஷவல் யார் கையில் இருந்தது என்று அந்த ஆய்வு எண்ணவில்லை; ஆனால் பக்கத்து வீட்டுப் பையனுக்குக் காசு கொடுத்து அள்ளச் சொல்வது ஆண்மைக்கு இழுக்கு என்று மூன்று பத்தி எழுதியவருக்கு அது தெரியாதா? அவர் காப்பாற்ற நினைப்பது இதயத்தை அல்ல, மீசையை.

மீசை அவரவர் விருப்பம். ஆனால் அறுபது கடந்தவர்கள் விடிந்ததும் இறங்கி நிற்காமல் அள்ளி முடிக்க வேண்டும் என்று எழுதினாரே, அந்த ஒரு வரியையாவது அடுத்த பனி விழுவதற்குள் திரும்பப் பெறட்டும்.